தூக்கி எறியாத குப்பை

மொழிபெயர்ப்பு வேலைக்கு வரும் கோப்புகளோடு ஒரு சொற்பட்டியலும் வரும். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் நாம் போட்டே தீரவேண்டிய தமிழ்ச் சொல். ஒன்றுக்கு ஒன்றுதான். மாற்றிப் போட்டால் சரிபார்க்கும் மென்பொருள் சிவப்புக் கோடு இழுத்துவிடும். அப்படி ஒரு பட்டியலில் 'ஜங்க்' என்பதற்கு நேரே 'குப்பை' என்று இருந்தது. ஜங்க் மெயில் குப்பை அஞ்சல் ஆனது. ஜங்க் ஃபுட் குப்பை உணவு ஆனது. சரி, இதுவரை பரவாயில்லை, பத்திரிகைகளிலும் இப்படித்தானே எழுதுகிறார்கள் என்று போய்க்கொண்டிருந்தேன். முதலீடு பற்றிய பகுதியில் ஜங்க் பாண்ட் 'குப்பைப் பத்திரம்' ஆனபோது கை கொஞ்சம் நின்றது. உயிரியல் பகுதியில் 'குப்பை டிஎன்ஏ' என்று தட்டச்சு செய்தபோது எரிச்சலே வந்துவிட்டது. வேலையை முடித்து அனுப்பினேன், பணமும் வந்தது. அந்தச் சொல் மட்டும் மனசைவிட்டுப் போகவில்லை.

என் உறுத்தல் இதுதான். குப்பை என்றால் வீட்டைவிட்டு வெளியே போகவேண்டியது. காலையில் வண்டி வந்ததும் கொட்டிவிட்டுக் கை கழுவுகிறோம். ஆனால் அமெரிக்க வீடுகளில் சமையலறைக்குள்ளேயே 'ஜங்க் டிராயர்' என்று ஓர் இழுப்பறை உண்டு. பாதி தீர்ந்த பேட்டரி, எந்தப் பூட்டுக்கு என்றே தெரியாத சாவி, ரப்பர் பேண்ட், பழைய சார்ஜர், ஒற்றைத் திருகாணி எல்லாம் அதற்குள் கிடக்கும். குப்பைக்கு எந்த ஊரிலாவது இழுப்பறை செய்து வைப்பார்களா? வேண்டாம் என்பதும் உண்மை, எறிய மனமில்லை என்பதும் உண்மை. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் ஜங்க் என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. பிறகு அந்தச் சொல் எங்கே பிறந்தது, யார் யார் வாயில் புழங்கியது என்று தேடப் போனேன். மொழிபெயர்ப்பாளர்களுக்கு இது ஒரு வியாதி, கூலி கிடையாது.

பழைய கயிறு

ஜங்க் ஆங்கிலத்துக்குள் வந்தது வீட்டு வாசல் வழியாக அல்ல, துறைமுகம் வழியாக. 15ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே இங்கிலாந்தின் கப்பல் கணக்குகளில் அது இருக்கிறது. பொருள்: பழைய கயிறு. கப்பலில் ஓடியோடித் தேய்ந்து, இனி பாரம் தாங்காது என்று கழற்றிய வடத்தைத் துண்டுதுண்டாக வெட்டி வைப்பார்கள். அந்தத் துண்டுகள்தான் ஜங்க். மூலம் எது என்பதில் அகராதிக்காரர்களுக்கே உறுதியில்லை. கோரைப்புல்லைக் குறிக்கும் பழைய பிரெஞ்சுச் சொல்லாக இருக்கலாம் என்பது ஊகம். கோரையில் கயிறு திரிப்பது எல்லா ஊரிலும் உண்டு என்பதால் ஊகம் பொருந்தத்தான் செய்கிறது.

பாய்மரக் கப்பலில் எவ்வளவு கயிறு இருந்தது என்று தெரிந்தால்தான் இந்தச் சொல்லின் எடை புரியும். போர்ட்ஸ்மத் துறைமுகத்தில் இன்றும் நிற்கும் 'விக்டரி' என்ற போர்க்கப்பல் 1765இல் கடலில் இறக்கப்பட்டது. அதில் பாய்களையும் மரங்களையும் கட்டியிழுக்க மட்டும் ஏறத்தாழ 42 கிலோமீட்டர் நீளத்துக்குக் கயிறு. ஒரு கப்பலுக்கே இவ்வளவு என்றால் ஒரு கடற்படைக்கு எவ்வளவு தேய்ந்த கயிறு சேரும்? அதை யாரும் கடலில் எறியவில்லை. தரையில் போடும் பாயாக முடைவார்கள், கப்பல் துறையில் உரசாமல் இருக்க மெத்தைபோல் கட்டித் தொங்கவிடுவார்கள். மீதியை இழை இழையாகப் பிரித்துத் தாரில் தோய்த்து, கப்பல் பலகைகளின் இடுக்கில் உளி வைத்து அடித்து இறுக்குவார்கள். நம் ஊர்ப் படகுத் துறைகளில் கலப்பத்து என்று சொல்கிற அதே வேலை. பழைய கயிறு இல்லாவிட்டால் புதுக் கப்பலுக்குள் தண்ணீர் வரும்.

அந்தக் கயிற்றைப் பிரிப்பது கொடுமையான வேலை. தார் ஏறி இறுகிய முறுக்கை விரலாலும் ஆணியாலும் நெம்பி நெம்பிப் பஞ்சாக்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இதைச் சிறைக் கைதிகளுக்கும், வொர்க்ஹவுஸ் என்ற ஏழைகள் விடுதியில் அடைக்கலம் கேட்டு வந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். நாள் ஒன்றுக்கு இத்தனை எடை பிரித்தாக வேண்டும் என்று கணக்கு. நகம் பிய்ந்து ரத்தம் வரும். அப்புறம் இரும்புக் கப்பல்கள் வந்தன, பலகை இடுக்கை அடைக்கும் தேவை குறைந்தது. தண்டனை மட்டும் உடனே நிற்கவில்லை.

பழைய கயிற்றுக்குக் காசு இருந்தது, அதனால் திருட்டும் இருந்தது. ஆங்கிலக் கடற்படை தன் கயிறுகளைத் திரிக்கும்போதே உள்ளே நிறம் மாறிய ஓர் இழையைச் சேர்த்துவிடும். அதற்குத் 'திருடன் இழை' என்றே பெயர். எந்தத் துறையில் திரித்தது என்பதுகூட நிறத்தில் தெரியும். துண்டு துண்டாக வெட்டி விற்றாலும் ஒவ்வொரு துண்டிலும் அந்த இழை நின்று காட்டிக்கொடுக்கும். 1854இல் இயற்றிய வணிகக் கப்பல் சட்டம், நங்கூரம், வடம், பாய், பழைய இரும்பு ஆகியவற்றோடு 'ஓல்ட் ஜங்க்' வாங்கி விற்கும் கடைக்காரர்களையும் பெயர் சொல்லியே கட்டுப்படுத்தியது. கடை வாசலில் பெயர்ப்பலகை எழுத வேண்டும், யாரிடம் வாங்கினோம் என்று ஏட்டில் பதிய வேண்டும், சிறுவர்களிடம் வாங்கக் கூடாது. நம் ஊர்க் காயலான் கடையைப் பார்த்துப் போலீஸ் கேட்கிற கேள்விகள்தான். குப்பைக்கு இப்படி யாரும் சட்டம் எழுதமாட்டார்கள். களவு போகக்கூடிய பொருள் என்பதே அதற்கு மதிப்பு இருந்தது என்பதற்குச் சாட்சி.

மாலுமிகள் இதே சொல்லை இன்னொன்றுக்கும் வைத்தார்கள். நெடும் பயணத்துக்கு உப்புப் போட்டுப் பீப்பாயில் அடைத்த மாட்டிறைச்சி, மாதக்கணக்கில் கிடந்து நார் நாராக இறுகிவிடும். கடித்தால் பழைய கயிற்றைக் கடிப்பதுபோல் இருந்ததோ என்னவோ, 18ஆம் நூற்றாண்டில் அதற்கும் ஜங்க் என்று பெயர் விழுந்தது. ஆக, சிப்ஸ் பாக்கெட்டுக்கு இருநூறு ஆண்டு முன்பே கப்பலில் ஜங்க் ஃபுட் இருந்திருக்கிறது. அவர்கள் அதைக் குறை சொல்லிக்கொண்டே தின்றார்கள், இன்றைய நம்மைப் போலத்தான்.

கயிற்றுத் துண்டிலிருந்து கப்பலில் கழிந்த எல்லாச் சாமானுக்கும், அங்கிருந்து கரையில் கிடக்கும் எந்தப் பழைய பொருளுக்கும் என்று அந்தச் சொல் பரவ நானூறு ஆண்டு ஆனது. அந்த நெடுங்காலம் முழுக்க 'மறுபடி பயன்படும்' என்ற சாயல் அதோடு ஒட்டிக்கொண்டே வந்திருக்கிறது.

காலியில் கிடந்த கல்

இங்கே ஒரு சின்ன விலகல். சீனப் பாய்மரக் கப்பலுக்கும் ஆங்கிலத்தில் ஜங்க் என்றுதான் பெயர். எழுத்து ஒன்று, உறவு இல்லை. இது மலாய், ஜாவா மொழிகளின் 'ஜோங்' என்ற சொல் போர்ச்சுகீசியர் வாய் வழியாக வந்தது. பலர் இரண்டையும் குழப்பி, சீனக் கப்பலை மட்டமாகப் பார்த்து வைத்த பெயர் என்று எழுதிவிடுகிறார்கள். அப்படி இல்லை.

ஆனால் அந்தக் கப்பல்களைப் பற்றிப் படிக்கும்போது ஒரு கல் குறுக்கே வந்தது, அதைச் சொல்லாமல் போக மனமில்லை. மிங் பேரரசின் தளபதி செங் ஹே பெரும் கப்பற்படையோடு இந்தியப் பெருங்கடலைச் சுற்றி வந்தபோது ஒரு கல்வெட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தார். 1409ஆம் ஆண்டு தேதியிட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழி. சீன வாசகம் புத்தருக்கும், தமிழ் வாசகம் தெனாவரை நாயனார் என்ற உள்ளூர்த் தெய்வத்துக்கும், பாரசீக வாசகம் அல்லாவுக்கும் காணிக்கைகளைச் சொல்கிறது. 1911இல் காலி நகரத்தில் ஒரு பொறியாளர் கண்ணில் அது பட்டபோது, ஒரு மதகுக்கு மூடுகல்லாக, எழுத்துப் பக்கம் கீழே கவிழ்ந்து கிடந்தது. இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மதகு கட்டியவருக்கு அது அளவாக இருந்த ஒரு பலகைக்கல், அவ்வளவுதான். நல்லவேளை, அவர் அதை உடைத்து ஜல்லியாக்கவில்லை. கவிழ்த்துப் போட்டதால் எழுத்தும் மேல்தேய்மானத்திலிருந்து ஓரளவு தப்பியிருக்கும் என்பது என் கணக்கு.

எறிவது ஒன்று, வைப்பது ஒன்று

என் உறுத்தலுக்குப் பெயர் வைத்துக் கொடுத்தவர் சிட்னி பிரென்னர். தென்னாப்பிரிக்காவில் பிறந்த உயிரியலாளர், 2002இல் நோபல் பரிசு பெற்றவர், கிண்டல்காரர். 1998இல் ஓர் அறிவியல் இதழில் எழுதிய பத்தியில் போகிற போக்கில் ஒரு வேறுபாட்டைச் சொல்கிறார். உலகத்தில் வேண்டாத பொருள் இரண்டு வகை. எறிந்துவிடுவது கார்பேஜ், வைத்துக்கொள்வது ஜங்க். பெரும்பாலான மொழிகளில் இந்த இரண்டுக்கும் தனித்தனிச் சொல் இருப்பதைக் கவனித்திருக்கிறேன் என்கிறார். நம் மரபணுத் தொகுதியில், அதாவது நம்மிடம் இருக்கும் மொத்த டிஎன்ஏவில், மிகையாக இருப்பது ஜங்க்தான், கார்பேஜ் அல்ல. பயன் இல்லை, தீங்கும் இல்லை, அதனால் கிடக்கிறது. இடத்தை அடைத்தாலோ நாற்றமடித்தாலோ ஜங்க் அந்த நிமிடமே கார்பேஜ் ஆகிவிடும், வீட்டில் அந்த இயற்கைத் தேர்வைச் செய்வது மனைவி என்று ஒரு கேலியும் உண்டு. இன்று எழுதியிருந்தால் நன்றாக வாங்கிக் கட்டியிருப்பார்.

இதைப் படித்த இடத்தில் எழுந்து போய் ஒரு டீ போட்டுக் குடித்தேன். பெரும்பாலான மொழிகளில் என்கிறாரே, நம் மொழியில்? இருக்கிறது, என் பட்டியல்காரருக்குத்தான் தெரியவில்லை. தெருவில் தள்ளுவண்டிக்காரர் கூவுகிறாரே, "ஓட்டை உடைசல், பழைய இரும்பு" என்று, அந்த ஓட்டை உடைசல்தான் ஜங்க். அவர் குப்பை வாங்க வரவில்லை, காசு கொடுத்து வாங்க வருகிறார். ஒரு காலத்தில் பேரீச்சம்பழம் கொடுத்தார்கள். வீட்டுக்குள் அந்த வகைப் பொருளுக்கு இடமும் உண்டு, அது பரண். குப்பைத்தொட்டிக்கும் பரணுக்கும் உள்ள தூரம்தான் பிரென்னர் சொல்லும் தூரம். இன்னொரு வேடிக்கை, குப்பையே பழைய தமிழில் வெறும் குவியல்தான். சங்கப் பாட்டில் உமணர் விற்கக் கொண்டுபோகும் உப்பும் குப்பையாகக் குவிந்திருக்கிறது. சிவகங்கைப் பக்கம் நெற்குப்பை என்று ஓர் ஊர் இருக்கிறது, பெயரைக் கேட்டு யாரும் மூக்கைப் பிடிக்கத் தேவையில்லை. வயலுக்குக் குப்பை அடிப்பது என்றால் விவசாயிக்கு உரம். நகரத்துக்கு வந்த பிறகுதான் அது முழுக்க நாற்றமாகிப்போனது.

பிரென்னர் பேசிய 'ஜங்க் டிஎன்ஏ' என்ற சொல்லாட்சியைப் பிரபலமாக்கியவர் மரபியலாளர் சுசுமு ஓனோ, 1972இல். அவருடைய வாதம் எளிமையானது. ஒவ்வொரு தலைமுறையிலும் டிஎன்ஏவில் பிழைகள் விழுகின்றன. மொத்த டிஎன்ஏவும் வேலை செய்கிற சரக்கு என்றால், விழுகிற பிழைகளில் பெரும்பகுதி கெடுதல் செய்யும், இனமே தாங்காது. ஆகவே பெரும்பகுதி, பிழை விழுந்தாலும் ஒன்றும் ஆகாத பகுதியாகத்தான் இருக்க வேண்டும். மனித மரபணுத் தொகுதியில் சுமார் 300 கோடி எழுத்துகள். அதில் புரதம் செய்யும் குறிப்பு ஒன்றிலிருந்து இரண்டு சதவீதம்தான். பாதிக்கு நெருக்கமான பகுதி, தன்னைத் தானே நகலெடுத்து அங்கங்கே போய் ஒட்டிக்கொண்ட துண்டுகளும் அவற்றின் எச்சங்களும். ஏறத்தாழ 8 சதவீதம் எப்போதோ நம் முன்னோர்களுக்குள் புகுந்த வைரஸ்களின் மிச்சம்.

இதற்குள் என்னென்ன கிடக்கிறது என்று பார்த்தால் பரணில் ஏறியவனுக்கு வரும் அதே ஆசை வருகிறது. வைட்டமின் சி தயாரிக்கும் மரபணு நம்மிடம் இருக்கிறது, ஆனால் கெட்டுப்போய். ஆடு மாடெல்லாம் தங்கள் உடம்பிலேயே வைட்டமின் சி செய்துகொள்கின்றன. நாமும் குரங்குகளும் நெல்லிக்காய் தின்ன வேண்டியிருக்கிறது. பழத்திலிருந்து கிடைத்ததால் மரபணு கெட்டது யாருக்கும் உறைக்கவில்லை, கெட்டதை யாரும் கழற்றிப் போடவும் இல்லை. மறுபக்கம், வைரஸ் விட்டுப்போன ஒரு மரபணுவை உடம்பு எடுத்துத் தாயின் நஞ்சுக்கொடி உருவாவதற்குப் பயன்படுத்துகிறது. வைரஸ் நம் செல்லுக்குள் நுழையப் பயன்படுத்திய கருவி அது. அதே கருவி இப்போது செல்களை ஒன்றோடொன்று இணைக்கிறது. சின்சிட்டின் என்று பெயர், 2000ஆம் ஆண்டு வெளிவந்த கண்டுபிடிப்பு. ஒன்று கெட்டுக் கிடக்கிறது, இன்னொன்று புது வேலைக்குப் போயிருக்கிறது. இரண்டும் ஜங்க் என்ற ஒரே சொல்லின் கீழ் நிற்கும். குப்பை என்ற சொல்லின் கீழ் நிற்காது.

2012இல் என்கோட் என்ற பெரிய ஆய்வுத் திட்டம் தன் முடிவுகளை வெளியிட்டபோது, மரபணுத் தொகுதியின் 80 சதவீதத்துக்கு ஏதோ ஒரு 'செயல்பாடு' இருக்கிறது என்றது. மறுநாளே செய்தித்தாள்கள் ஜங்க் டிஎன்ஏவுக்கு இரங்கல் எழுதின. ஆனால் அவர்கள் செயல்பாடு என்றது மிக இளகிய பொருளில். ஒரு புரதம் அங்கே ஒட்டினாலும் செயல்பாடு, அந்தப் பகுதி நகலெடுக்கப்பட்டாலும் செயல்பாடு. டான் கிரௌர் என்ற பரிணாம உயிரியலாளரும் அவருடைய குழுவினரும் அடுத்த ஆண்டே கோபமாக மறுத்து எழுதினார்கள். எனக்கு மிகவும் பிடித்த மறுப்பு அதற்கும் முன்பே, 2007இல், ரையன் கிரெகரி என்பவர் வைத்த வெங்காயச் சோதனை. வெங்காயத்தின் மரபணுத் தொகுதி மனிதனுடையதைப்போல ஐந்து மடங்கு பெரியது. இந்த டிஎன்ஏ எல்லாமே தேவை என்று சொல்பவர், வெங்காயத்துக்கு ஏன் நம்மைவிட ஐந்து மடங்கு தேவை என்று முதலில் சொல்லட்டும். பிரென்னரும் மறுமுனையிலிருந்து இதையே காட்டினார். அவர் தேடிப்பிடித்தது ஜப்பானியர்கள் பயந்துகொண்டே சாப்பிடும் ஃபுகு என்ற பலூன் மீன். அதன் மரபணுத் தொகுதி நம்முடையதில் எட்டில் ஒரு பங்குதான். முதுகெலும்பு, கண், ஈரல், மூளை என்று எல்லாம் வைத்துக்கொண்டு அது நன்றாகத்தான் நீந்துகிறது.

அதனால் இந்தச் சண்டையில் நான் பிரென்னர் பக்கம். 'ஜங்க் இல்லவே இல்லை, எல்லாவற்றுக்கும் ரகசியப் பயன் உண்டு' என்பது கேட்க இனிமையாக இருக்கிறது, வாட்ஸ்அப்பில் நன்றாக ஓடுகிறது. இயற்கை எதையும் வீணாகப் படைக்காது என்ற நம் ஆசைக்குத் தோதாகவும் இருக்கிறது. ஆனால் ஜங்க் என்று சொன்னவர்கள் ஒருபோதும் அதில் எதுவுமே பயன்படாது என்று சொல்லவில்லை. எறியவில்லை, கிடக்கிறது, ஒருநாள் எடுக்கலாம், எடுக்காமலும் போகலாம் என்றார்கள். 'குப்பை டிஎன்ஏ' என்று எழுதிவிட்டால், அதில் ஒரு பயன் கண்டுபிடித்ததும் 'குப்பை அல்ல, பொக்கிஷம்' என்று தலைப்புப் போட்டுவிடலாம். பாதி அறிவியல் செய்திகள் இப்படித்தான் உற்பத்தியாகின்றன. நான் எனக்கென்று வைத்திருக்கும் பட்டியலில் 'பரண் டிஎன்ஏ' என்று எழுதி வைத்திருக்கிறேன். எந்த நிறுவனமும் ஏற்காது, தெரியும்.

இதே மாதிரி இன்னொரு ஜங்க் திமிங்கலத்தின் தலைக்குள் இருக்கிறது. எண்ணெய்த் திமிங்கலத்தை வேட்டையாடியவர்கள் அதன் பெருந்தலையின் மேல்பாதியில் இருந்த திரவ மெழுகைத்தான் தங்கமாக நினைத்தார்கள். அதற்குக் கீழே நார்த்தசையும் எண்ணெயும் கலந்து அடுக்கடுக்காக இருந்த பகுதிக்கு ஜங்க் என்று பெயர் வைத்தார்கள். அதையும் அவர்கள் எறியவில்லை, வெட்டிக் காய்ச்சினார்கள். இன்று அந்தப் பகுதிதான் திமிங்கலம் எழுப்பும் ஒலியைக் குவித்து முன்னால் அனுப்புகிறது என்கிறார்கள் விலங்கியலாளர்கள். வேலை தெரிந்துவிட்டது, பெயரை யாரும் மாற்றவில்லை. உடற்கூறியல் கட்டுரைகளில் இன்றும் ஜங்க் என்றே அச்சாகிறது.

பட்டம் சூட்டுபவர்கள்

20ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் பெயரடையாக மாறி எல்லாவற்றின் முன்னாலும் ஒட்டிக்கொள்ள ஆரம்பித்தது. 1950களில் ஜங்க் மெயில், 1970களில் ஜங்க் ஃபுட் பேச்சில் பரவலாகியது, அடுத்து ஜங்க் பாண்ட். அதுவரை பொருளுக்குப் பெயர், இப்போது பொருளைப் பற்றிய தீர்ப்பு. தீர்ப்பு என்றால் சொல்பவர் யார் என்று பார்க்க வேண்டியிருக்கிறது.

ஜங்க் ஃபுட் என்பதைச் சட்டம் எழுதுகிறவர்கள் தொடவே பயப்படுகிறார்கள், ஏனென்றால் வரையறுக்க முடியாது. இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் பள்ளிகளுக்காக 2020இல் கொண்டுவந்த விதிகள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவு என்று நீட்டி முழக்குகின்றன. பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் சுற்றளவிலும் அதை விற்கக் கூடாது. சரியான அணுகுமுறைதான், அளக்க முடிகிறதே. ஆனால் வீட்டில் ஜங்க் என்பது அளவைப் பற்றிய பேச்சே இல்லை. கடையில் வாங்கிய சிப்ஸ் ஜங்க், தீபாவளிக்குச் சுட்ட அதிரசம் பாரம்பரியம். எண்ணெயையும் வெல்லத்தையும் தராசில் வைத்தால் அதிரசம் எந்தப் பக்கம் நிற்கும் என்று எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்.

ஜங்க் பாண்ட் இன்னும் சுவாரசியம். கடன் பத்திரங்களுக்குத் தர மதிப்பீடு தரும் நிறுவனங்கள் ஒரு கோடு வைத்திருக்கின்றன. ஸ்டாண்டர்டு அண்ட் பூர்ஸ் கணக்கில் பிபிபி மைனஸ், மூடீஸ் கணக்கில் பிஏஏ3. அதற்குக் கீழே போனால் ஜங்க். விற்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்லமாட்டார்கள், 'அதிக வருவாய்ப் பத்திரம்' என்பார்கள். பல ஓய்வூதிய நிதிகள் கோட்டுக்குக் கீழே உள்ளதை வைத்திருக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பதால், தரம் ஒரு படி இறங்கினால் விற்றாக வேண்டும். நேற்றும் அதே நிறுவனம், அதே வட்டி. மைக்கேல் மில்கன் என்ற அமெரிக்க நிதி வணிகர் இந்த இடத்தில்தான் கடை விரித்தார். மட்டமான தரப் பத்திரங்களை நிறைய சேர்த்து வைத்தால், சில முழுகினாலும் மொத்தத்தில் லாபமே என்ற பழைய ஆய்வை மாணவராக இருக்கும்போதே படித்திருந்தார். 1980களில் டிரெக்சல் என்ற முதலீட்டு வங்கியில் உட்கார்ந்து அதை ஒரு சாம்ராஜ்யமாக்கினார். 1990 பிப்ரவரியில் டிரெக்சல் திவாலானது. அதே ஆண்டு மில்கன் பங்குச் சந்தைக் குற்றங்களை ஒப்புக்கொண்டு, பிறகு சிறைக்குப் போனார். 2020இல் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார். ஆள் போனாலும் சந்தை நின்றுவிடவில்லை.

நாடுகளுக்கும் இதே கோடுதான். இந்தியா 1991 நெருக்கடியில் கோட்டுக்குக் கீழே இறங்கி, மூடீஸ் கணக்கில் 2004இலும் ஸ்டாண்டர்டு அண்ட் பூர்ஸ் கணக்கில் 2007இலும்தான் மேலே ஏறியது. இலங்கை தன் முதல் சர்வதேசக் கடன் பத்திரத்தை 2007இல் 50 கோடி டாலருக்கு வெளியிட்டது, பிறந்தபோதே அது ஜங்க் வகை. வாங்கியவர்கள் தெரிந்தேதான் வாங்கினார்கள், அந்த ஆபத்துக்கான கூடுதல் வட்டியையும் ஆண்டாண்டாக வாங்கிக்கொண்டார்கள். 2022 ஏப்ரலில் கொழும்பு வெளிக்கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது மட்டும் எல்லோரும் அதிர்ந்ததுபோல் பேசினார்கள். குப்பைப் பத்திரம் என்று மொழிபெயர்த்தால் இந்தக் கதையின் முக்கியமான பாதி காணாமல் போகிறது. குப்பையை யாரும் கூடுதல் வட்டிக்காக வாங்கிப் பெட்டியில் வைப்பதில்லை.

மின்னஞ்சலில் அந்தத் தீர்ப்பை மனிதர்கள்கூடச் சொல்வதில்லை. இயந்திரம் பிரித்து ஒரு பெட்டியில் போடுகிறது. ஜிமெயில் அதை 30 நாள் வைத்திருந்துவிட்டுத்தான் அழிக்கிறது. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரவில்லையே என்று தவிப்பவர்களிடம் முதலில் "ஜங்க் ஃபோல்டரைப் பார்த்தியா?" என்றுதான் கேட்கிறோம். பிரென்னர் ஒப்புக்கொள்வார்.

5ஆம் எண்

எறிவதற்கும் வைப்பதற்கும் உள்ள இந்த வேறுபாடு முற்றிலும் குழம்பிப்போகிற இடம் ஒன்று உண்டு, அது தலைக்கு மேலே. 1958 மார்ச் 17 அன்று அமெரிக்கா ஏவிய வான்கார்டு 1 ஒன்றரைக் கிலோகூட இல்லாத ஒரு சின்ன உலோகப் பந்து. சூரியத் தகடுகளோடு போன முதல் செயற்கைக்கோள். 1964இல் பேசுவதை நிறுத்தியது. சுற்றுப்பாதைப் பொருள்களுக்கான அமெரிக்கப் பட்டியலில் அதன் எண் 5. அதற்கு முந்தியவை எல்லாம் எரிந்து விழுந்துவிட்டன. ஆகவே சுற்றுப்பாதையில் இன்றிருக்கும் மனிதப் பொருள்களில் மிகப் பழையது அது. செயலிழந்தது, கட்டுப்படுத்த முடியாதது, வழியில் வருவதன்மேல் மோதக்கூடியது. இலக்கணப்படி பார்த்தால் விண்வெளி ஜங்க். அதே நேரம் அதைப் பத்திரமாகக் கீழே கொண்டுவந்து அருங்காட்சியகத்தில் வைக்க முடியுமா என்று பொறியாளர்கள் பேசவும் தொடங்கியிருக்கிறார்கள்.

அங்கே எறிவது என்று ஒன்று இல்லை. விட்டது சுற்றிக்கொண்டே இருக்கும். நாசா விஞ்ஞானி டொனால்டு கெஸ்லர் 1978இலேயே எச்சரித்தார், ஒன்றோடொன்று மோதி உடைந்து, உடைந்தவை இன்னும் மோதி, ஒரு கட்டத்துக்குப் பிறகு புதிதாக எதையும் ஏவாவிட்டாலும் சில்லுகள் பெருகிக்கொண்டே போகும் என்று. 2009 பிப்ரவரி 10 அன்று வேலை செய்துகொண்டிருந்த இரிடியம் 33 என்ற செயற்கைக்கோள் மீது செயலிழந்த ரஷ்யாவின் காஸ்மாஸ் 2251 மோதியது. இரண்டும் ஆயிரக்கணக்கான துண்டுகளாயின.

சரி, கூட்டிப் பெருக்கிவிடலாமே என்றால், அதற்குச் சொந்தக்காரர் இருக்கிறார். 1967ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, ஏவிய பொருளின் உரிமை அது விண்ணில் இருந்தாலும் பூமிக்குத் திரும்பினாலும் மாறாது என்கிறது. கைவிட்ட கப்பலை மீட்டவர் அதற்குக் கூலி கேட்கலாம் என்ற கடல் மரபு அங்கே கிடையாது. காஸ்மாஸின் ஒரு சில்லை எடுப்பதற்கும் ரஷ்யாவைக் கேட்க வேண்டும். 2024இல் ஆஸ்ட்ரோஸ்கேல் என்ற ஜப்பானிய நிறுவனம், ஜப்பான் விண்வெளி முகமையின் திட்டத்தில், ஒரு பழைய ராக்கெட் பாகத்தைச் சுமார் 15 மீட்டர் தூரம்வரை நெருங்கிப் படம் எடுத்தது. 2009இல் ஜப்பானே ஏவிய ராக்கெட்டின் பாகம் அது. வான்கார்டு அமெரிக்கக் கடற்படை ஆய்வகம் செய்தது, எனவே அமெரிக்கா யாரையும் கேட்காமல் எடுத்துக்கொள்ளலாம். செலவை யார் ஏற்பது என்பது வேறு கேள்வி.